உயர் வெட்டுவிசைக் கலப்பி

உயர் வெட்டுவிசைக் கலப்பி என்பது எண்ணெயைத் தண்ணீரில் நுண்துளிகளாகச் சிதறடிக்கவும், கட்டிதட்டிய தூளை நீர்மத்தில் பிரித்துப் பரப்பவும் உதவும் கருவி. ஆய்வகங்களில் ‘ஹை ஷியர் மிக்சர்’ எனப்படும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கில் ரப்பர் கையுறைத் தொழில் வேரூன்றியுள்ளது. இக்கருவியின் பயனும் எல்லையும் அத்தொழிலில் தெளிவாகத் தெரியும்.

அமைப்பும் இயக்கமும்

நீண்ட தண்டின் முனையில் வேகமாகச் சுழலும் அலகு ரோட்டார். அதைச் சூழ்ந்த துளையிட்ட அசையா உறை ஸ்டேட்டர். ரோட்டார் நீர்மத்தை அடியிலிருந்து உறிஞ்சி, மையவிலக்கு விசையால் விளிம்புக்குத் தள்ளி, இரண்டுக்கும் இடையிலான இடுக்கின் வழியாகவும் உறையின் துளைகளின் வழியாகவும் பீய்ச்சுகிறது. 40 மி.மீ. விட்டமுள்ள ரோட்டார் நிமிடத்துக்கு 10,000 முறை சுழன்றால் விளிம்பு வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 21 மீட்டர். இடுக்கு 0.5 மி.மீ. எனில் வெட்டு வீதம் வினாடிக்குச் சுமார் 42,000. செலவாகும் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாவதால் கலனைக் குளிர்விக்க நேரும். தலைப்பகுதி நன்கு மூழ்காவிட்டால் காற்று புகுந்து நுரைக்கும்.

ரப்பர் பால் ஆய்வகத்தில்

கையுறைக்கான ரப்பர் பாலில் கந்தகம், துத்தநாக ஆக்சைடு, முடுக்கி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். இவை நீரில் கரையா. எனவே பரப்புப் பொருள் கலந்த நீரில் இத்தூள்களை இட்டு, கலப்பியால் நனைத்துக் கட்டிகளை உடைப்பர். துகள்களையே அரைத்து நுண்ணியதாக்க இக்கருவி போதாது. அதற்குப் பந்து அரவை ஆலை தேவை. நீர்ம ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளைச் சவர்க்காரத்துடன் பால்மமாக்குவதற்குக் கலப்பியே போதும்.

ரப்பர் பாலை மட்டும் இதில் இடக்கூடாது. அம்மோனியாவும் இயற்கைப் புரதங்களும் ரப்பர் துகள்களைப் பிரித்து வைத்திருக்கின்றன; கடும் வெட்டுவிசையில் அக்காப்பு குலைந்து பால் திரிந்துவிடும். எனவே தயாரான கலவைகளை மெதுவாகக் கலக்கியபடியே பாலில் சேர்ப்பர்.

பால் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐஎஸ்ஓ 35 சோதனை உண்டு. மொத்தத் திண்மம் 55 விழுக்காடாக நீர்த்த பாலை, தகடு பொருத்திய கலக்கியால் நிமிடத்துக்கு 14,000 சுற்று வேகத்தில் கலக்கி, திரிந்த துகள்கள் தெரியும்வரை நேரம் கணிப்பர். மையவிலக்கால் செறிவூட்டிய பாலுக்கு ஐஎஸ்ஓ 2004 கேட்கும் குறைந்த அளவு 650 வினாடி.

உற்பத்திக்கு மாற்றுதல்

ஆய்வக விளைவைப் பெருங்கலனில் பெற, சுழற்சி எண்ணிக்கையை அப்படியே பின்பற்றுவதில்லை. விளிம்பு வேகத்தையே சமமாக வைப்பது வழக்கம். ரோட்டாரின் விட்டம் இருமடங்கானால் சுழற்சி பாதியாகும்.