காஞ்சிக் குதிரையின் கால்

தொண்டை நாட்டுக்குக் குதிரை கடல்வழி வந்த செல்வம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்றுத் துறையில் நாவாய்கள் கொண்டுவந்த வெண்ணிறப் புரவிகளைச் சொல்கிறது. புழுக்கம் மிகுந்த கடலோரத்தில் நல்ல குதிரை பெருகவில்லை. ஆகவே இறக்குமதி தொடர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் மிகச் சிலவே ஆண்டு முடிவில் எஞ்சின என்றும், குதிரை வைத்தியம் அறிந்தவர்களை வணிகர்கள் இங்கே வரவிடவில்லை என்றும் எழுதினார். பின்னது துறைமுகத்து வம்பாகவும் இருக்கலாம். பராமரிப்பு போதாமல் குதிரைகள் மடிந்தன என்பது நம்பக்கூடியதே.

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் விஜயநகரக் காலத்தில் எழுந்த கல்யாண மண்டபத்தில், முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகள் தூண்களை நிறைக்கின்றன. கடிவாளம், சேணம், வீரனின் உடை என எதையும் சிற்பி விடவில்லை. 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை மைசூர்ப் படை சூழ்ந்து வீழ்த்தியபோது, குதிரைப்படையின் வேகம் பெரிதும் கைகொடுத்தது. நொண்டும் குதிரைக்கு அத்தகைய களத்தில் இடமில்லை. ஆனால் அது ஏன் நொண்டுகிறது என்று தோலுக்குள்ளே பார்க்க அன்று வழியில்லை.

வைத்தியர் கையையும் கண்ணையும் நம்பினார். நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாத்திரம் என்னும் குதிரை நூல் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓவியங்களுடன் காக்கப்பட்டது. மூட்டைத் தொட்டுச் சூடு பார்ப்பது, வீக்கத்தை அமுக்குவது, ஓடவிட்டுக் கவனிப்பது ஆகியவையே சோதனைகள். நோயுள்ள முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையை உயர்த்தும். இந்த அடையாளம் இன்றும் பயன்படுகிறது. உடல் எடையில் சுமார் 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குவதால் நொண்டலும் அங்கேதான் மிகுதி. கம்பெனி 1824இல் ஒசூரில் படைக்குதிரைப் பண்ணை அமைத்ததும், 1903இல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் பராமரிப்பை முறைப்படுத்தின.

ரான்ட்ஜன் 1895இல் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தார். மறு ஆண்டே ஐரோப்பாவில் குதிரையின் குளம்பும் காலும் படம் பிடிக்கப்பட்டன. எலும்பு முறிவும், மூட்டு ஓரத்தில் முளைத்த எலும்பும் முதன்முறையாகக் கண்ணுக்குப் பட்டன. ஆனால் எலும்பின் தாதுச்சத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்த பிறகே சிதைவு படத்தில் தெரியும். குருத்தெலும்பு தெரிவதே இல்லை. படம் தெளிவாக இருந்தும் குதிரை நொண்டும் புதிர் அதனால்தான்.

அந்த இடைவெளியைப் பின்வந்த முறைகள் வெவ்வேறு பக்கத்திலிருந்து நிரப்பின. 1970களில் குதிரைகளுக்கு வந்த சிண்டிகிராபியில் டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருள் ஊசிவழி செலுத்தப்படும். எலும்பு மாற்றம் மிகுந்த இடத்தில் அது தேங்கும். நோயின் இடத்தை அது முன்கூட்டியே காட்டும், நோயின் பெயரைச் சொல்லாது. 1980களில் பரவிய அல்ட்ராசவுண்ட் தசைநாண், தசைநார், மூட்டு நீர் ஆகியவற்றை நன்றாகக் காட்டியது. எலும்பின் மேற்பரப்பைத் தாண்டி அதன் ஒலி செல்லவில்லை. சி.டி. ஸ்கேன், ஒன்றன்மேல் ஒன்றாக விழும் நிழல்களைப் பிரித்து, முறிவின் போக்கைத் துல்லியமாக வரைந்தது.

எம்.ஆர்.ஐ.தான் எலும்பின் உட்காயத்தையும் மென்திசுவையும் ஒரே படத்தில் சேர்த்தது. குளம்புக்குள் ஒளிந்திருக்கும் சிறு படகெலும்பின் நோய்க்கு அதற்கு இணை இல்லை. தொடக்கத்தில் குதிரையை மயக்கிக் கிடத்த வேண்டியிருந்தது. ஆரோக்கியமான குதிரைகளிலும் மயக்க மருந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று இறக்கும் அபாயம் சிறிதன்று. 2002இல் நின்ற நிலையிலேயே எடுக்கும் கருவி பயன்பாட்டுக்கு வந்தது. அதன் காந்தம் வலுக்குறைந்தது, படமும் சற்று மங்கல். குதிரை அசைந்தால் மீண்டும் எடுக்க வேண்டும்.

இத்தனை கருவிகளுக்குப் பின்னும் முதல் வேலை பழையதே: நடக்கவிட்டுப் பார்த்து, மரத்துப்போகும் ஊசியால் வலிக்குமிடத்தைக் குறுக்கி, எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் எடுப்பது. அவை விடை தராதபோதுதான் விலைகூடிய ஸ்கேன். நின்ற நிலை எம்.ஆர்.ஐ.யும் காலின் கீழ்ப்பகுதிக்கே எட்டும். இடுப்பு போன்ற மேல் மூட்டுகளுக்குச் சிண்டிகிராபியின் தேவை நீடிக்கிறது.