குரைத்த பன்றிகள்

கணக்கேட்டில் முதற்பதிவு தவறாக விழுமாயின், பின்னர் இடும் கூட்டலும் கழித்தலும் எத்துணைச் செவ்வையாயினும் முடிவு பொருந்தாது. நோயறிதலிலும் இதுவே நியதி. மலேசிய நாடு இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்துக் கற்ற வரலாறு நாம் மறக்கத் தக்கதன்று.

1998-ஆம் ஆண்டு செப்டம்பரில், பேரா மாநிலத்து ஈப்போ நகரையடுத்த பன்றிப் பண்ணைகளில் தொழில் புரிந்தோர் சிலர் கடுங்காய்ச்சலும் தலைவலியும் கண்டு, அறிவு மயங்கி வீழ்ந்தனர். அது மூளைக்காய்ச்சல் என்பது வெளிப்படை. பன்றியினிடம் பெருகிக் கொசுவினால் மனிதரைப் பற்றும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்நாட்டில் முன்னரே அறியப்பட்டதாதலின், இதுவும் அதுவே எனக் கொள்ளப்பட்டது. நோயாளர் சிலரின் இரத்தப் பரிசோதனையும் அதற்கு இசைவாக நின்றது. கொசுவை ஒழிக்கப் புகை அடித்தனர், தடுப்பூசியும் இட்டனர். நோயோ அடங்கவில்லை.

காரணம் பண்ணைகளிலேயே கிடந்தது. ஜப்பானியக் காய்ச்சல் பெரிதும் சிறுவரைத் தாக்குவது. இங்கு வீழ்ந்தவரோ பெரும்பாலும் பன்றியோடு நெருங்கிப் பணிபுரிந்த ஆடவர். தடுப்பூசி இட்டுக்கொண்டவரும் தப்பவில்லை. பன்றிகளும் மூச்சுத் திணறி, நாய் குரைப்பதுபோல் உரத்து இருமின. சில நடுங்கி வலிப்புற்றன. ஆயினும் இறந்தவை சிலவே யாதலின், அது பண்ணைகளில் வழக்கமாகக் காணும் சளிநோய்போலவே தோன்றிற்று. இதற்கிடையே பன்றிகள் தெற்கே விற்பனைக்குச் சென்றன. நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் நோய் தீப்போற் பரவிற்று.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து கிருமியைப் பிரித்து வளர்த்தார். அது பட்ட உயிரணுக்கள் ஒன்றோடொன்று கூடிப் பெருந்திரளாயின. அமெரிக்காவின் போர்ட் காலின்ஸ் நகரத்து ஆய்வுக்கூடத்தில் எலெக்ட்ரான் உருப்பெருக்கியின்கீழ் நோக்கியபோது, அது தட்டம்மை, பொன்னுக்குவீங்கி ஆகியவற்றின் கிருமிகளுக்கு உறவான புதுக்கிருமி எனத் தெரிந்தது. 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைத் தாக்கிய ஹெண்ட்ரா கிருமி அதற்கு மிக நெருங்கியது. சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது.

பெயர் திருந்தவே செயலும் திருந்திற்று. பகை கொசுவன்று, நோயுற்ற பன்றியின் நீர்மங்களைத் தொடுவதே என்பது புலனாயிற்று. பன்றிகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டா எனப் பண்ணைதோறும் சோதித்தனர். 10 இலட்சத்திற்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன; மே மாதத்தோடு நோய் ஓய்ந்தது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர் 11 பேரை நோய் பற்றிற்று, ஒருவர் இறந்தார். பட்டிகளை ஒட்டிய பழமரங்களுக்கு வந்த பழந்தின்னி வௌவால்களே கிருமியின் உறைவிடம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அன்பர்காள்! பட்டியில் ஒலித்த அவ்விருமலைத் தொழிலாளர் அன்றாடம் கேட்டனர்; அதன் பொருளை ஆய்வுக்கூடம் உணர ஏறக்குறைய ஆறு மாதம் சென்றது. கால்நடையின் நோயையும் அதனை மேய்ப்போன் நோயையும் இரு வேறு ஏடுகளில் எழுதிவைத்தல் தகாது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே அம்மாண்டவர் நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.