இணைப்பும் இசைவும்: ரயில் வண்டிகளின் தானியங்கு இணைப்பி பற்றிய ஓர் ஆராய்ச்சி

யந்திரங்களின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் ஒரு யந்திரத்துக்கு ஒரு கர்த்தாவைத் தேடிப் பிடித்து, அவர் பெயரையும் அவர் காப்புரிமை பெற்ற நாளையும் குறித்துவிட்டு, அத்துடன் விஷயம் முடிந்ததாக ஏட்டை மூடிவிடுகிறார்கள். ரயில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதிய மாத்திரத்தில் தாமாகவே பிணைந்துகொள்ளும் தானியங்கு இணைப்பியைப் பற்றியும் இவ்வாறே சொல்லப்பட்டு வருகிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தைச் சேர்ந்த ஈலை ஹாமில்டன் ஜானி என்பவர் 1873 ஏப்ரல் 29-ஆம் நாள் காப்புரிமை பெற்றார் என்றும், அதனால் எண்ணற்ற தொழிலாளிகளின் கைகளும் உயிர்களும் தப்பின என்றும் படிக்கிறோம். முதற்கூற்று உண்மை, இரண்டாவதோ இருபத்தேழு ஆண்டுகளை ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது. அந்நாட்டில் இத்தகைய இணைப்பி கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது 1900 ஆகஸ்டு முதல் தேதியில்தான். தகுந்த சாதனம் கைவசம் இருந்தும் ஒரு தலைமுறைக் காலம் தொழிலாளிகள் அங்கஹீனம் அடைந்துகொண்டிருந்ததன் காரணம் யாது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பிரச்னை. இணைப்பி என்பது தனி வண்டிக்கு உரிய உடைமையன்று, எதிரெதிரே நிற்கும் இரண்டு வண்டிகளுக்கிடையே ஏற்படும் உடன்பாடு. ஆகவே அதை நிறைவுறச் செய்தவை பொது அளவும், சட்டமும், நியாயஸ்தலத்தின் தீர்ப்புமே என்பது என் முடிபு.

வளையமும் முளையும்

ஜானிக்கு முன் அமெரிக்க வண்டிகளை இணைத்தவை ஒரு நீள்வட்ட இரும்பு வளையமும் இரண்டு முளைகளுமேயாகும். ஒவ்வொரு வண்டியின் முனையிலும் குழிந்த இரும்புக் கூடு ஒன்று இருக்கும். ஒரு வண்டியின் கூட்டில் மாட்டியிருக்கும் வளையத்தின் மறுமுனை எதிர்வண்டியின் கூட்டுக்குள் நுழையும்போது, மேலிருந்து முளையை இறக்கிப் பிணைக்க வேண்டும். வளையம் தானாக நிமிர்ந்து நிற்காதாகையால், பிரேக்மேன் என்னும் சிப்பந்தி இரு வண்டிகளுக்கும் நடுவே நின்று, நகர்ந்து வரும் வண்டியை நோக்கி வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து, அது கூட்டுக்குள் புகும் கணத்தில் கையை வெளியே இழுத்து, முளையைப் போட வேண்டியிருந்தது. வண்டிகளின் உயரமோ கூடுகளின் வடிவமோ கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டன. இரவும் மழையும் பனிக்கட்டியும் அபாயத்தைப் பன்மடங்காக்கின. விரல் குறைந்த கையே அனுபவசாலிக்கு அடையாளம் என்று வேலை கொடுப்போர் கருதுமளவுக்கு இத்தீங்கு சகஜமாகிவிட்டிருந்தது. 1889 ஜூனில் முடிந்த ஓராண்டில் மட்டும் அமெரிக்க ரயில்வே ஊழியர்களில் ஏறக்குறைய 2,000 பேர் மாண்டனர், 20,000 பேர் காயமுற்றனர் என்று அந்நாட்டு மாகாணாந்தர வர்த்தகக் கமிஷன் கணக்கெடுத்தது. காயங்களில் மூன்றில் ஒரு பங்கு வண்டிகளை இணைக்கும்போதோ பிரிக்கும்போதோ நேர்ந்தவை.

இத்தகைய கொடுமை நீடித்ததற்குக் கம்பெனி முதலாளிகளின் கல்நெஞ்சமே காரணம் என்று கூறி அமைவது எளிது. ஆனால் நெஞ்சைக் காட்டிலும் கணக்கேடு இங்கே அதிகம் பேசுகிறது. 1842-இல் மாசசூஸெட்ஸ் உயர் நியாயஸ்தலத்தின் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா, கையை இழந்த ஃபார்வெல் என்னும் எஞ்சின் டிரைவரின் வழக்கில், வேலையின் அபாயங்களைத் தொழிலாளி தன் கூலியோடு சேர்த்தே ஏற்றுக்கொண்டவனாகிறான் என்றும், சக ஊழியனின் கவனக்குறைவால் விளைந்த தீங்குக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்றும் தீர்ப்பளித்தார். இக்கொள்கை பிற மாகாணங்களுக்கும் பரவிற்று. நசுங்கிய கையின் விலை கம்பெனியின் செலவுக் கணக்கில் ஏறாதபோது, அதைத் தவிர்க்கும் இரும்புக்கு மட்டும் பணம் செலவிட எக்கணக்கர் இசைவார்?

ஜானியின் சாதனம்

உள்நாட்டு யுத்தத்தில் தென்மாகாணப் படையில் மேஜராக இருந்த ஜானி, யுத்தம் முடிந்தபின் அலெக்ஸாந்திரியா நகரில் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தாவாக ஜீவனம் நடத்தியவர். யந்திர சாஸ்திரம் பயின்றவரல்லர். ஓய்வு வேளைகளில் அவர் மரத்தில் செதுக்கிப் பார்த்த வடிவம், இரண்டு கைகளின் விரல்களை மடக்கி ஒன்றோடொன்று கோத்தாற் போன்றது. இணைப்பியின் தலைப்பில், செங்குத்தான அச்சைப் பற்றிச் சுழலும் நக்கிள் என்னும் இரும்புத் துண்டு உண்டு. திறந்து நிற்கும் நக்கிளின்மீது எதிர்வண்டியின் தலைப்பு மோதியதும் அது உள்நோக்கிச் சுழன்று மூடிக்கொள்ளும். உடனே ஒரு பூட்டுக்கட்டை தன் கனத்தாலேயே கீழே விழுந்து, நக்கிள் மீண்டும் திறவாதபடி அதன் வாலைத் தடுத்து நிறுத்தும். வண்டிகளைப் பிரிப்பதற்கு, பக்கவாட்டில் நீட்டியிருக்கும் நெம்புகோலைத் தூக்கினால் கட்டை மேலெழும்பும். ஆள் நடுவே நுழைய வேண்டுவதில்லை. சுருள்வில்லையோ நுட்பமான பொறிகளையோ நம்பாமல் மோதலின் வேகத்தையும் பூமியின் ஈர்ப்பையும் மட்டுமே ஊழியம் கொள்வதால், தூசியிலும் குளிரிலும் பழுதின்றி இயங்குவது இதன் சிறப்பு. எனினும் இதற்கு இரண்டு வரம்புகள் உண்டு: இரு நக்கிள்களில் ஒன்றேனும் திறந்திருந்தாலன்றி இது பூட்டாது, பிரேக்குக்கு வேண்டிய காற்றுக்குழாயை இது இணைப்பதுமில்லை.

அக்காலத்தில் புதுமைக்குப் பஞ்சமிருந்ததாகச் சொல்வதற்கில்லை. வண்டி இணைப்பிகளுக்காக அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழங்கிய சாசனங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. தீமை போதாமையில் இல்லை, மிகுதியில் இருந்தது. தனித்தனியே திறம்பட இயங்கிய இணைப்பிகள் பல, ஒன்றையொன்று சந்தித்தபோது உபயோகமற்றுப் போயின.

பொது அளவின் அவசியம்

இவ்வுண்மைக்குப் பிரத்தியட்ச சாட்சி, பயணி வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் இடையே காணப்பட்ட வேற்றுமையாகும். எஸ்ரா மில்லர் என்பவர் 1860-களில் அமைத்த கொக்கி இணைப்பியைப் பயணி வண்டிகள் பரவலாக ஏற்றன. ஜானியின் இணைப்பியையும் பென்ஸில்வேனியா ரயில்வே முதலில் பயணி வண்டிகளிலேயே கையாண்டது. பயணிகளின் நலத்தில் கம்பெனிகள் கொண்ட சிரத்தை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதைவிட வலிய காரணம் வேறு. பயணி வண்டி சொந்தப் பாதையிலேயே போய்த் திரும்புவது. தன் கம்பெனியின் பிற வண்டிகளோடு பொருந்தினால் அதற்குப் போதும். சரக்கு வண்டியோ நாடெங்கும் சுற்றி, பற்பல கம்பெனிகளின் வண்டிகளோடு நாள்தோறும் பிணைய வேண்டுவது. ஒரு கம்பெனி தன் செலவில் புதிய இணைப்பியைப் பொருத்தினால், அடுத்த கம்பெனியும் அதையே பொருத்தும்வரை அச்செலவு வீண். மாறாக, பழையதும் புதியதும் கலந்து நிற்கும் இடைக்காலத்தில் அபாயம் கூடவும் கூடும். முந்திச் செல்பவனுக்கு நஷ்டமும் பிந்தி வருபவனுக்கு லாபமும் என்ற நிலையில், எல்லோரும் பிந்தி நிற்பதே விவேகமாகத் தோன்றியது.

இந்த முட்டுக்கட்டையை ஓரளவு தளர்த்தியது தலைமை வண்டி கட்டுவோர் சங்கம். 1885-இல் பஃபலோ நகரில் பல இணைப்பிகளை வைத்துப் பகிரங்கப் பரிசோதனை நடத்திய அச்சங்கம், அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில் ஜானியின் வகையைப் பொது வகையாகத் தெரிந்தெடுத்தது. அத்தெரிவு ஒரு நிபந்தனையின்மேல் நின்றது: நக்கிள்கள் ஒன்றையொன்று தழுவும் வெளிக்கோட்டின் மீதுள்ள உரிமையைக் காப்புரிமையாளர் விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்பது அது. அவ்வாறே உரிமை விடப்பட்டது. உள்ளே பூட்டு எவ்வாறு அமைந்தாலும் வெளிக்கோடு ஒன்றாக இருப்பின் எவருடைய இணைப்பியும் எவருடையதோடும் பிணையும். ஜானியின் படைப்பு உலகுக்குப் பயன்பட்டது, அதன் மிக முக்கியமான பகுதி அவருக்கு மட்டும் உரியதாக இராமற்போன அன்றுதான் என்பது இச்சரித்திரத்தில் பெரிதும் கவனிக்கத்தக்கது.

சட்டம்

ஆயினும் சங்கத்தின் தெரிவு வெறும் சிபாரிசேயன்றிக் கட்டளையன்று. கட்டளையைப் பெற்றுத் தந்த கிளர்ச்சிக்கு முதல்வர் அயோவா மாகாணத்து விவசாயியான லோரென்ஸோ காஃபின். 1874-இல் பிரேக்மேன் ஒருவன் கைவிரல்களை இழந்ததைக் கண்ணாரக் கண்ட அவர், பின்னர் அம்மாகாணத்து ரயில்வே கமிஷனராகவும் இருந்து, பத்திரிகைகளிலும் மாதா கோவில்களிலும் சங்கக் கூட்டங்களிலும் இடைவிடாது வாதாடினார். ஜனாதிபதி பெஞ்ஜமின் ஹாரிஸன் 1889-இல் காங்கிரஸுக்கு விடுத்த செய்தியில், அவசியமான ஒரு தொழிலைச் செய்வோர் போர்க்களத்துச் சிப்பாய்க்கு நிகரான அபாயத்துக்கு உள்ளாவது நாகரிகத்துக்கே இழுக்கு என்ற கருத்தை வெளியிட்டார். 1893 மார்ச் 2-ஆம் நாள் அவர் கையொப்பமிட்ட சட்டம், மாகாணங்களுக்கிடையே ஓடும் வண்டிகள், மோதலால் தாமே பிணைவனவும், ஆள் நடுவே நுழையாமல் பிரிக்கத்தக்கனவுமான இணைப்பிகளைக் கொண்டிருத்தல் வேண்டும் என்று விதித்தது. இன்ன காப்புரிமை, இன்ன வடிவம் என்று அது பெயர் சுட்டவில்லை. பயனை விதித்து, வழியைத் தொழிலுக்கே விட்டது. சட்டத்துக்கு மாறான வண்டியால் காயமுற்றவன், அந்த அபாயத்தைத் தானே ஏற்றவனாகக் கருதப்படமாட்டான் என்று எட்டாம் பிரிவு கூறியதன் வாயிலாக, ஷாவின் பழைய கொள்கைக்கும் இவ்விஷயத்தில் முற்றுப்புள்ளி விழுந்தது.

சட்டம் அகாலத்தில் குறுக்கிட்டு, மேலும் சிறந்த வகைகள் தோன்றுவதைத் தடுத்துவிடும் என்று அன்று சொல்லப்பட்ட ஆட்சேபத்தை இலேசாகத் தள்ளிவிடலாகாது. பொது அளவு ஒன்று நிலைபெற்றால், அதனினும் மேலானது பின்னர் வந்தாலும் இடம் பெறுதல் அரிது என்பது மெய்யே. காற்றுக்குழாயை இன்றளவும் அமெரிக்கச் சரக்கு வண்டிகளில் மனிதனே இணைப்பது இதற்குச் சான்று. ஆனால் நாளை வரக்கூடிய மேன்மைக்காக இன்று எத்தனை கைகளைக் காணிக்கையாக்குவது என்ற கேள்விக்கு அவ்வாதத்தில் விடையில்லை.

நியாயஸ்தலம் கண்ட பொருள்

1898 ஜனவரியில் தொடங்குவதாயிருந்த கட்டாயம், மாகாணாந்தர வர்த்தகக் கமிஷன் அளித்த தவணைகளால் 1900 ஆகஸ்டு முதல் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. அதற்கு நாலு நாள் கழித்து, யூட்டா மாகாணத்து ப்ராமன்டரியில், ஸதர்ன் பஸிபிக் கம்பெனியின் பிரேக்மேன் ஜான்சன் ஓர் எஞ்சினை ஒரு போஜன வண்டியோடு இணைக்க முயன்றார். எஞ்சினில் இருந்தது ஜானியின் இணைப்பி; போஜன வண்டியில் இருந்தது மில்லரின் கொக்கி. இரண்டும் தத்தம் இனத்தோடு தாமாகவே பிணைவன, ஒன்றோடொன்று பிணையாதவை. மோதிப் பார்த்தும் பயனின்றி அவர் நடுவே நுழைய நேர்ந்தது, கை நசுங்கிற்று.

கீழ் நியாயஸ்தலங்கள் கம்பெனியின் பக்கமே தீர்ப்பளித்தன: எஞ்சின் வண்டியாகாது, அன்றியும் இரண்டிலும் தனித்தனியே தானியங்கு இணைப்பி இருந்தமையால் விதி நிறைவேறியது என்பது மேல்முறையீட்டில் கூறப்பட்ட நியாயம். 1904 டிசம்பரில் தலைமை நீதிபதி ஃபுல்லரின் வாயிலாக உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. மனிதன் வண்டிகளுக்கிடையே செல்லும் அவசியத்தை ஒழிப்பதே சட்டத்தின் கருத்து. இரண்டு இணைப்பிகள் தம்முள் பிணையாவிடில், ஒவ்வொன்றும் தன்னளவில் சிறந்ததாயிருந்தும் சட்டத்துக்கு இணங்கியதாகாது என்பது தீர்ப்பின் சாரம். எஞ்சினும் சட்டத்துக்கு உட்பட்டதே என்பதை 1903-ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகவே கூறியிருந்தது. இணைப்பியின் இயல்பு இன்னதென்று முதன்முதலில் தெளிவாக வரையறுத்தவர்கள் எஞ்சினியர்களல்லர், இந்நீதிபதிகளே என்று கூறுவது மிகையாகாது.

பிற நாடுகளின் சாட்சியம்

ஓர் உரைகல்லாகப் பிற நாடுகளை நோக்குவோம். ஜப்பான் 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தன் பிரதான ரயில்பாதைகளை ராஜாங்க உடைமையாக்கியிருந்தது. ஆகவே ஒரே எஜமானன் கட்டளையின்கீழ், புதிய இணைப்பிகளை முன்கூட்டியே வண்டிகளின் அடியில் தொங்கவிட்டு ஓட்டிவந்து, 1925 ஜூலை 17-இல் ஹொன்ஷு தீவின் சரக்குப் போக்குவரத்தை நிறுத்தி, அந்த ஒரே நாளில் மாற்றத்தைச் செய்து முடிக்க முடிந்தது. சோவியத் நாடு வில்லிஸன் என்னும் வேறொரு தானியங்கு வகையைத் தழுவிய தன் இணைப்பியை 1935 முதல் 1957 வரை படிப்படியாகப் பரப்பிற்று. மேற்கு ஐரோப்பாவிலோ பல ராஜ்யங்களின் வண்டிகள் எல்லை கடந்து கலப்பன. 1970-களில் பொது இணைப்பி ஒன்றை வகுத்தும், எல்லோரும் ஒருங்கே செலவிட இசையாமையால் அது கைவிடப்பட்டது. பெரும்பாலான சரக்கு வண்டிகளில் கையால் முறுக்கும் திருகு இணைப்பே நிலைத்தது. நுனியில் கொக்கி பொருத்திய நீண்ட கழியால் சங்கிலியை மாட்டும் முறை பிரிட்டனில் பரவி, நடுவே நுழையும் அவசியத்தைக் குறைத்து, மாற்றத்தின் அவசரத்தையும் குறைத்துவிட்டது. எங்கும் தடையாயிருந்தது அறிவின்மையன்று, இசைவின்மையே.

நம் நாட்டிலும் இதே நியதியைக் காணலாம். சென்னைப் பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலை தன் பழைய வகைப் பெட்டிகளைப் பெரும்பாலும் திருகு இணைப்போடும் பக்கத்து பஃபர்களோடும் கட்டி, 2018-இல் அவ்வகையை நிறுத்தியது. ஜெர்மன் மாதிரியைத் தழுவிய எல்.எச்.பி. பெட்டிகளில் மைய இணைப்பி வந்தது. அது விபத்தின்போது ஒரு பெட்டி மற்றொன்றின்மேல் ஏறிவிடாமல் தடுக்கவும் உதவுகிறது. இருவகைப் பெட்டிகளும் நேரே பிணையாவாகையால், ஒரு ரயில் முழுவதையும் ஒரே வகையில் கோக்க நேர்ந்தது; ஜான்சனின் வழக்கு கூறிய உண்மையை நம் ரயில் நிர்வாகம் நடைமுறையிலேயே கண்டுகொண்டது.

ஆகவே தானியங்கு இணைப்பியை ஜானியின் பெயரால் மட்டும் வழங்குவது சரித்திரத்துக்கு நீதி செய்வதாகாது. மரத்தைச் செதுக்கிய குமாஸ்தாவுக்கு உரிய புகழை ஒரு சிறிதும் குறைக்காமலே, வெளிக்கோட்டைப் பொதுவாக்கிய சங்கத்துக்கும், நாடெங்கும் வாதாடிய அயோவா விவசாயிக்கும், 1893-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும், 1904-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும் அதில் சமபங்கு தருதல் வேண்டும். பலர் கூடிப் பயன்படுத்தும் எந்தச் சாதனத்தின் சரித்திரத்தையும் காப்புரிமை ஏட்டோடு நிறுத்திவிடாமல், சங்கங்களின் தீர்மானங்களையும் நியாயஸ்தலங்களின் தீர்ப்புகளையும் புரட்டிப் பார்த்து எழுதுவதே ஆராய்ச்சியாளரின் கடமை.