திறந்து பார்க்கத்தக்க கணினி

தாம் விலைகொடுத்து வாங்கிய கணினியின் உள்ளமைப்பை உடையவரே அறிய இயலாதிருப்பது இக்காலத்தின் பெருங்குறை. அதனை நீக்க 2012இல் சிங்கப்பூரில் அன்ட்ரூ ஹுவாங், ஷோன் குறொஸ் என்னும் பொறியியலாளர் இருவர் முனைந்தனர். கணினியின் முதன்மை உறுப்புகளை ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைத்து, அதனைத் தம் கையாலேயே மடிக்கணினியாக்கினர். அந்நகரத் தொடருந்து நிலையமொன்றின் பெயரையே தழுவி, ‘நொவீனா’ எனப் பெயரிட்டனர். பலகையின் வரைபடங்களையும் மென்பொருளின் மூலநிரலையும் மறைக்காது யாவர்க்கும் வழங்கினர். 2014இல் பொதுமக்கள் முற்பணம் அளித்தமையால், பிறர்க்கும் அது செய்தளிக்கப்பட்டது.

கடைகளில் விற்ற கணினிகள் பலவற்றினும் அதன் விலை மிகுதி; வேகமோ குறைவு. எனினும், பழுதுற்றபோது திறந்து நோக்கவும், கற்றுத் திருத்தவும் உடையவர்க்கு வழியிருந்தது. ‘இஃது எவ்வாறு இயங்குகிறது?’ என்று மாணவன் வினவுங்கால், ‘திறந்து பார்’ என விடையிறுக்கத்தக்க பொறியன்றோ ஆசிரியர்க்கு வேண்டுவது?