பேட்டரியும் இடிதாங்கியும்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலும் சரி, நம் குடியிருப்பிலும் சரி, தினமும் புழங்கும் சொற்கள் சில உண்டு. இருட்டில் வலை எடுக்கப் போகிறவர் ‘பேட்டரி லைட்’ கேட்பார். நாம் ‘போனில் சார்ஜ் இல்லை’ என்போம். இந்தச் சொற்களின் வழியைத் தேடிப் போனால் பெஞ்சமின் பிராங்க்ளினிடம் போய் நிற்கிறோம்.

1706-இல் பாஸ்டனில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம். அச்சுத் தொழிலில் முன்னேறிய பின் மின்சார ஆராய்ச்சியில் இறங்கினார். 11 கண்ணாடிப் பலகைகளை ஈயத் தகடுகளோடு வரிசையாக இணைத்து, அவற்றில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்தார். 1749-இல் எழுதிய கடிதத்தில் அதை ‘பேட்டரி’ என்றார். அதுவரை அது பீரங்கி வரிசையின் பெயர். ‘சார்ஜ்’ என்பதும் துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்தான். 1800-இல் வோல்டா இன்றைய பேட்டரிக்கு முன்னோடியைச் செய்தார். பெயர் மட்டும் பிராங்க்ளின் வைத்ததே நிலைத்தது.

பீரங்கியும் வெடிமருந்தும் பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். வெடிமருந்தும் தயாரித்தார்கள். இன்று கோட்டை இடிபாடுதான். கோட்டைக்குப்பம் என்ற ஊர்ப் பெயரில் அந்தச் சொல் இருக்கிறது. பீரங்கி போய்விட்டது, ‘பேட்டரி’ மீனவர் கையில் விளக்காக வந்து சேர்ந்தது.

பேட்டரியின் இரு முனைகளிலும் பார்க்கும் கூட்டல், கழித்தல் குறிகளும் பிராங்க்ளின் கணக்கே. மின்சாரம் புதிதாக உண்டாவதில்லை, ஒரு பொருள் இழந்ததை இன்னொன்று பெறுகிறது என்று 1747-இலேயே எழுதினார். வங்கியில் பேரேடு எழுதிய எனக்கு இது உடனே புரிந்தது. ஒரு பக்கம் பற்று என்றால் மறுபக்கம் அதே தொகைக்கு வரவு!

ஆனால் அவர் கண்டுபிடிப்புகளில் தமிழ் முழுவதுமாகத் தன்னுடையதாக்கிக் கொண்டது இடிதாங்கியைத்தான். சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைப் போலவே அமைந்த பெயர். வீட்டிலோ அலுவலகத்திலோ எல்லோருடைய கோபத்தையும் வாங்கிக்கொள்பவரையும் இடிதாங்கி என்கிறோம். பிராங்க்ளின் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று முறையை 1753-ஆம் வருடப் பஞ்சாங்கத்தில் அச்சிட்டுவிட்டார்.

பெயரில் ‘தாங்கி’ என்று இருந்தாலும், அது இடியைத் தாங்கி நிற்பதில்லை. மின்னலைக் கம்பி வழியே மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது. கம்பி எங்காவது அறுந்திருந்தாலோ, எர்த் குழியில் இணைப்பு துருப்பிடித்திருந்தாலோ, மாடியில் நிற்பது வெறும் இரும்புக் கம்பிதான். ஐப்பசி மழைக்கு முன் நம் கட்டடங்களின் இடிதாங்கியை எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதிக்கும்படி சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏரியில் இருப்பவர்களுக்கு அந்த வசதியும் கிடையாது. பரந்த தண்ணீரில் படகும் அதில் நிற்கும் ஆளுமே உயரமான பொருள். இடி கேட்டால் கரைக்குத் திரும்புவதே அவர்களுக்கு வழி. திரும்பினால் அன்றைய வருமானம் போகும். ஞாயிற்றுக்கிழமை இறால் வாங்கப் போகும் நாம், மழை நாளில் விலை கூடியிருந்தால், பேரம் பேசும் முன் இதைச் சற்று நினைக்கலாம்.