தோல் சொன்னதும் மண்டையோடு சொன்னதும்

ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் உள்ள செங்கன்பெர்க் அருங்காட்சியகத்தில் சிட்டகோசாரஸ் என்ற டைனோசர் ஒன்று கற்பலகைக்குள் தட்டையாக நசுங்கிக் கிடக்கிறது. எலும்பைச் சுற்றிலும் அதன் தோல் கருநிறப் படலமாக ஒட்டியிருக்கிறது. அமெரிக்காவில், வட கரோலைனாவின் தலைநகரான ராலேயில் 'வில்லோ' என்று செல்லப்பெயர் பெற்ற தெசலோசாரஸ் ஒன்று இருக்கிறது. அதற்குத் தோல் இல்லை. ஆனால் அதன் மண்டையோடு நசுங்காமல் முழுசாகக் கிடைத்தது.

இரண்டும் இலைதழை தின்று வாழ்ந்தவை. தங்கள் கூட்டத்துப் பெரிய உருவங்களின் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டுமே சிறியவை. முதலாவது சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய வடகிழக்குச் சீனாவில் வாழ்ந்தது. மற்றது அதற்கு ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் மேல் பிந்தி, டைனோசர் காலம் முடியும் தறுவாயில், டிரைசெராடாப்ஸும் டைரனோசாரஸும் உலவிய வட அமெரிக்க நிலத்தில் வாழ்ந்தது. நெருங்கிய உறவு எதுவும் இல்லாத இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரே காரணம்தான். ஒன்றின் வெளித்தோற்றத்தை மீட்டெடுத்து, அதன் வழியே அது வாழ்ந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். மற்றதன் மண்டைக்குள் கணினி வழியாக நுழைந்து, அதன் நடத்தையை ஊகித்தார்கள். இந்த இரண்டு வழிகளும் ஒரே அளவு உறுதியானவை அல்ல. திரையில் மின்னும் டைனோசரைப் பார்க்கும் நமக்கு அந்த வேறுபாடு தெரிவதே இல்லை.

சிட்டகோசாரஸின் தோலில் செதில்கள் தெரிகின்றன. வாலின் மேற்புறத்தில் 16 சென்டிமீட்டர் நீளமுள்ள முள்போன்ற இழைகள் வரிசையாக நிற்கின்றன. இவற்றை 2002-ல் ஜெரால்ட் மேயரும் உடன் பணியாற்றியவர்களும் விவரித்தார்கள். அப்போது பேசப்பட்டது அந்த இழைகளைப் பற்றித்தான். தோலின் கருமையைப் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் யாக்கோப் விந்தர் குழு எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, 2016-ல் முடிவுகளை வெளியிட்டது. மெலனின் என்ற நிறமி எளிதில் அழிவதில்லை. அது எங்கே அடர்த்தியாக, எங்கே மெலிதாக எஞ்சியிருக்கிறது என்று உடல் முழுக்கக் குறித்தால், விலங்கின் நிறப்பாங்கு வரைபடமாகக் கிடைத்துவிடும். முகம் கருமை, முதுகு கருமை, வயிறும் வாலின் அடிப்பக்கமும் வெளிர், பின்னங்கால்களின் உட்புறத்தில் பட்டைகள் என்று அது அமைந்திருந்தது.

மேலே கருத்துக் கீழே வெளுத்த உடல் இன்றும் மான்களில், மீன்களில் காணக்கூடியது. வெளிச்சம் மேலிருந்து விழும்போது வயிற்றுப்புறம் நிழலாகும். அந்த நிழலை வயிற்றின் வெளிர்நிறம் ஈடுசெய்துவிட்டால் உடலின் உருட்சி கண்ணுக்குத் தட்டையாகிவிடும். வேட்டையாடும் விலங்கு அதைத் தவறவிடும். இதை ஓவியர் அபட் தேயர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சொன்னார். விந்தர் குழு இன்னொரு கேள்வி கேட்டது: இந்த நிறப்பாங்கு எந்த வெளிச்சத்துக்குப் பொருத்தமானது?

இங்கேதான் எனக்கு இந்த ஆய்வின்மேல் பெரும் மதிப்பு வருகிறது. தொல்லுயிர் ஓவியர் பாப் நிக்கல்ஸ் எலும்பின் அளவுகளை எடுத்து, தசை சேர்த்து, தோல் போர்த்தி, உயிரளவு உருவம் ஒன்றைச் செய்தார். அதே உருவத்தின் இன்னொரு படிக்கு நிறமே தராமல் உடல் முழுக்க ஒரே சாம்பல் பூசினார்கள். அந்தச் சாம்பல் உருவத்தைத் திறந்த வெயிலிலும் சிதறிய வெளிச்சத்திலும் நிறுத்திப் படமெடுத்தார்கள். உடம்பில் நிழல் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு வேகமாக இருளுகிறது என்று படத்தில் அளக்கலாம். பிறகு படத்தின் கருமை வெண்மையைத் தலைகீழாக்கினார்கள். நிழல் விழுந்த இடம் வெளிராகவும், வெளிச்சம் பட்ட இடம் கருமையாகவும் மாறும். அந்த வெளிச்சத்தில் மறைந்திருக்க வேண்டிய விலங்குக்கு எந்த நிறப்பாங்கு உகந்ததோ, அதுதான் அந்தத் தலைகீழ்ப் படம்.

நேர்வெயிலில் கருமையிலிருந்து வெண்மைக்கு மாறும் கோடு விலாவில் உயரத்தில், வெட்டியதுபோல் வருகிறது. சிதறிய வெளிச்சத்தில் அது வயிற்றுக்கு அருகே தாழ்ந்து, மெல்லக் கரைகிறது. புதைபடிவத்தில் இருந்தது இரண்டாவது வகை. ஆக, சிட்டகோசாரஸ் வாழ்ந்தது கிளைகள் மூடிய காட்டின் அடியில் என்று முடிவு செய்தார்கள்.

சாம்பல் உருவத்தின் நிழலுக்குப் புதைபடிவத்தின் நிறம் எதுவும் தெரியாது. புதைபடிவத்துக்கு நம் ஒளியியல் தெரியாது. ஒன்றையொன்று அறியாத இரண்டு சாட்சிகள் ஒரே விடையைச் சொல்கின்றன. அவை முரண்படவும் வாய்ப்பிருந்தது. அந்த வாய்ப்பு இருந்ததால்தான் ஒத்துப்போனதற்கு எடை வருகிறது.

இதிலும் இடைவெளிகள் உண்டு. மெலனின் தவிர மற்ற நிறமிகள் எளிதில் அழிந்துவிடும். எனவே மாதிரியின் பழுப்பில் எந்த அளவு மஞ்சளோ சிவப்போ கலந்திருந்தது என்பதைக் கல் காட்டாது. இதைவிட வருத்தம் தருவது அந்தக் கல் வந்த வழி. அது வணிகர்கள் கைமாறி 2001-ல் செங்கன்பெர்க்குக்கு வந்தது. அது சட்டப்படி சீனாவை விட்டு வெளியேறியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எந்தப் பாறையடுக்கில், எந்த இடத்தில் தோண்டினார்கள் என்ற துல்லியமான குறிப்பும் அதனுடன் வரவில்லை. காட்டில் வாழ்ந்தது என்ற முடிவை அந்த மண்ணின் தாவரப் புதைபடிவங்களோடு அடுக்குக்கு அடுக்கு வைத்துச் சரிபார்க்கும் வாய்ப்பு அங்கேயே பறிபோனது.

வில்லோவின் கதை வேறு. 1993-ல் தெற்கு டகோடாவில் கண்டெடுக்கப்பட்ட அதன் நெஞ்சுக்கூட்டுக்குள் இரும்புச்சத்து மிகுந்த ஒரு கல்திரள் இருந்தது. சி.டி. ஸ்கேன் செய்து, துண்டங்களைக் கணினியில் அடுக்கி, முப்பரிமாண உருவமாக்கிப் பார்த்தபோது அது நான்கு அறை கொண்ட இதயம்போலத் தெரிந்தது. 2000-ல் அறிவியல் இதழில் அப்படியே வெளியானது. டைனோசர்களின் உடற்செயல் வேகம் ஊர்வனவற்றைவிட அதிகம் என்பதற்கு அது சான்றாக வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மறுப்பு வந்தது. 2011-ல் டிமதி கிளீலண்ட், மைக்கேல் ஸ்டாஸ்கோப், மேரி ஸ்வைட்சர் மூவரும் அந்தத் திரளை நுண்ணோக்கியிலும் வேதிச் சோதனையிலும் ஆராய்ந்தார்கள். அது மணற்துகள்கள் இறுகிப் பிணைந்த கல் என்று தெரிந்தது. ஸ்டாஸ்கோப் 2000-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். தான் கையெழுத்திட்ட முடிவைத் தானே திறந்து பார்த்த அந்த நேர்மை என்னை வெகுவாகக் கவர்கிறது.

அதே விலங்கின் மண்டையோட்டை டேவிட் பட்டனும் லிண்ட்சே சானோவும் ஸ்கேன் செய்து 2023-ல் வெளியிட்டார்கள். மூளை எப்போதோ மக்கிவிட்டது; அது இருந்த குழிவு மட்டும் எலும்புக்குள் மிஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு எக்ஸ்-ரே துண்டத்திலும் எலும்பு எது, உள்ளே நிரம்பிய கல் எது என்று பிரித்துக் குறித்து, அந்தக் குழிவை உருவமாக வார்த்தெடுத்தார்கள். மூளை சிறியது, இன்றைய ஊர்வனவற்றின் அளவில். மோப்பத்துக்கான முன்குமிழ்கள் மிகப் பெரியவை. சமநிலையைக் காக்கும் உட்செவிக் குழல்கள் நன்கு வளர்ந்தவை. கேள்வித்திறன் மட்டும் மந்தம். மனிதக் காதுக்கு எட்டும் அதிர்வெண்களில் சுமார் 15 விழுக்காடுதான் அதற்கு எட்டியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

மோப்பம் கூர்மை, காது மந்தம், சமநிலை நேர்த்தி. இந்தச் சேர்க்கை வளை தோண்டி மண்ணுக்குள் நேரம் கழிக்கும் உயிர்களில் காணப்படுவது. தெசலோசாரஸின் உறவான ஒரிக்டோட்ரோமியஸ் மொன்டானாவில் வளைக்குள்ளேயே இரண்டு குட்டிகளோடு கிடைத்தது, 2007-ல் வெளியான செய்தி. ஆகவே தெசலோசாரஸும் அவ்வப்போது மண்ணுக்கடியில் வாழ்ந்திருக்கலாம்; அல்லது அப்படி வாழ்ந்த மூதாதையரிடமிருந்து அந்தப் புலன்களை மட்டும் பெற்றிருக்கலாம். ஆய்வாளர்கள் இரண்டையும் திறந்தே வைத்தார்கள். 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள, மூன்றரை மீட்டர் நீள விலங்கு உண்மையிலேயே வளை தோண்டியது என்று நான் நம்ப வேண்டுமானால், முதலில் அந்த வளையைப் பார்க்க வேண்டும்.

சிட்டகோசாரஸ் ஆய்வில் காடு என்ற முடிவைப் பொய்யாக்கக்கூடிய ஒரு சோதனை அமைக்க முடிந்தது. தெசலோசாரஸுக்கு அப்படி ஒன்று இன்னும் அமையவில்லை. உட்செவிச் சுருளின் நீளத்துக்கும் கேட்கும் திறனுக்கும் உள்ள தொடர்பு, இன்றைய பறவைகளிடமும் ஊர்வனவற்றிடமும் அளந்து பெற்றது. அதை ஐந்து, பத்து கோடி ஆண்டு பின்னே நீட்டுகிறோம். உறுப்பின் வடிவம் திட்டவட்டமானது. அந்த உறுப்பைக் கொண்டு விலங்கு என்ன செய்தது என்பது ஒப்புமையால் வருவது. மண்டையோட்டுப் படத்தில் மூளைக்குழி ஒரு நிறம், செவிக்குழல் ஒரு நிறம் என்று அழகாகத் தெரியும். அவற்றில் எது அளந்தது, எது அனுமானித்தது என்று நிறம் பிரிப்பதில்லை. இதய விவகாரத்தில் பலரை ஏமாற்றியதும் அதே பளபளப்புதான். அருங்காட்சியகங்கள் வெளியிடும் ஒவ்வொரு மீட்டுருவத்திலும் கண்டெடுத்ததையும் சேர்த்ததையும் தனித்தனித் தொனியில் காட்ட வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். எலும்புக்கூடுகளில் பிளாஸ்டர் பாகத்தை வேறு நிறத்தில் விடும் நல்ல வழக்கம் பல இடங்களில் உண்டு. திரையில் அதற்குச் செலவுகூட இல்லை.

இவ்விரண்டு டைனோசர்களில் சிட்டகோசாரஸுக்கு ஒரு கூடுதல் வசதி வாய்த்திருக்கிறது. சீனாவின் லுஜியாதுன் படுகையில் அதே பேரினத்தின் மண்டையோடுகள் நசுங்காமல் கிடைத்துள்ளன. பொரித்த குஞ்சு, வளரும் குட்டி, முதிர்ந்தது என மூன்று பருவங்களை 2019-ல் நுண்-சி.டி.யில் ஒப்பிட்டார்கள். நாலு காலில் நடந்த குட்டி வளர்ந்தபின் இரண்டு காலில் நிமிர்கிறது. அந்த மாற்றத்தின் தடம் உட்செவியில் தெரிகிறது. தோலும் மண்டையோடும் ஆக இரண்டு வழியும் அதற்குத் திறந்திருக்கின்றன. தெசலோசாரஸுக்கும் ஒரு வழி திறக்கலாம். வடக்கு டகோடாவின் டானிஸ் புதைபடிவத் தளத்தில் தோலோடு கூடிய ஒரு தெசலோசாரஸ் கால் கிடைத்ததை 2022-ல் பி.பி.சி. ஆவணப்படம் காட்டியது. அந்தத் தோலில் மெலனின் எஞ்சியிருந்தால், இன்னொரு சாம்பல் உருவத்தைச் செய்து வெயிலில் நிறுத்தலாம்.