இனிப்பு மாத்திரையும் உடல் உபாதையும்: கள்ளக்குறிச்சியை முன்வைத்துக் காரணம் காணும் முறை

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ள மாவட்டம் கள்ளக்குறிச்சி. கரும்பை நம்பிக் குடும்பம் நடத்துவோர் நிறைந்த இம்மாவட்டத்திலும் ‘சுகர் இருக்கிறது’ என்று மருத்துவர் சொன்ன மறுநாளே டீயில் சர்க்கரை நின்றுவிடுகிறது. மருந்துக் கடையில் வாங்கிய சின்ன டப்பா ஒன்று வீட்டுக்குள் வருகிறது. சில வாரங்களில் புகாரும் வருகிறது: தலை வலிக்கிறது, கிறுகிறுப்பாக இருக்கிறது, வயிறு உப்புகிறது, வயிற்றால் போகிறது, அந்த இனிப்பு மாத்திரை எனக்கு ஒத்துக்கல. இப்புகாருக்கு இரண்டு பதில்கள் ஆயத்தமாக இருக்கின்றன. பாதுகாப்பானது என்று ஆய்வுகள் சொல்லிவிட்டன, ஆகவே இது உங்கள் மனப்பிரமை என்பது ஒன்று. எல்லாமே ரசாயனம், எல்லாமே விஷம் என்பது மற்றொன்று. இரண்டும் நோயாளியைக் கைவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். அவர் படும் உபாதை உண்மை. அதற்கு இனிப்பு மாத்திரைதான் காரணமா என்பது தனிக் கேள்வி. அந்த ஒருவரின் உடலிலேயே, எதை உட்கொள்கிறார் என்று அவருக்குத் தெரியாதபடி மறைத்துச் செய்யும் சோதனைதான் அதற்கு நம்பத்தகுந்த விடை தரும். கல்வராயன் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதைச் செய்ய முடியும்.

முதலில் கவனிக்க வேண்டியது, இனிப்பு மாத்திரை தனியாக வருவதில்லை என்பது. நோய் கண்டறியப்பட்ட அதே வாரத்தில் மெட்ஃபார்மின் தொடங்குகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் அம்மருந்து வீட்டு வாசலுக்கே வந்துசேர்கிறது. மெட்ஃபார்மின் நல்ல மருந்து. ஆனால் எடுத்துக்கொள்வோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தொடக்க வாரங்களில் குமட்டல், உப்புசம், வயிற்றுப்போக்கு என ஏதாவதொன்று வரும். வெறும் வயிற்றில் விழுங்கினாலும், எடுத்த எடுப்பிலேயே முழு அளவு கொடுக்கப்பட்டாலும் தொல்லை கூடும். கூடவே கிளிமிபிரைடு போன்ற மருந்து எழுதப்பட்டிருந்தால் இன்னொரு வழியும் திறக்கிறது. முன்பு நாளுக்கு நான்கு டம்ளர் டீயில் போன சர்க்கரை நின்றுவிட்டது, பயத்தில் சோறும் பாதியாகிவிட்டது, மருந்தின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. பதினோரு மணிக்குக் கைநடுக்கமும் வியர்வையும் கிறுகிறுப்பும் வந்தால் அது ரத்தச் சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். டீயையே குறைத்துக்கொண்டவருக்குக் காஃபின் நின்றதால் இரண்டு மூன்று நாள் தலைவலி வருவதும் உண்டு. இத்தனை மாற்றங்கள் ஒரே வாரத்தில் நடந்தும் பழி என்னவோ டப்பாவின் மேல் விழுகிறது. புதியது, கண்ணுக்குத் தெரிவது, வாயில் போட்டால் விநோதமாக ருசிப்பது அதுதான். மருத்துவர் கொடுத்த மாத்திரையைச் சந்தேகிக்க மனம் வருவதில்லை.

இந்த ஊருக்கே உரிய இன்னோர் அச்சத்தையும் பேசியாக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பார்வையை இழந்தவர்களும் உண்டு. மெத்தனால் என்றால் என்னவென்று இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் அஸ்பார்ட்டேம் என்ற இனிப்பு உடலுக்குள் போய் மெத்தனாலாக மாறுகிறது என்று ஒருவர் கேள்விப்பட்டால், அவர் அஞ்சுவது மடமை ஆகாது. சொல்லப்பட்ட செய்தியும் பொய்யல்ல. அஸ்பார்ட்டேம் குடலில் செரிக்கும்போது ஃபினைல்அலனின், அஸ்பார்ட்டிக் அமிலம், மெத்தனால் என மூன்றாகப் பிரிகிறது. எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு மெத்தனால். அச்சத்துக்கு மரியாதை தந்து கணக்கைப் போட்டுக் காட்டுவதுதான் நேர்மை. ஒரு மாத்திரையில் ஏறக்குறைய 18 மில்லிகிராம் அஸ்பார்ட்டேம் என்று கொண்டால், அதிலிருந்து வரும் மெத்தனால் 1.8 மில்லிகிராம். டம்ளருக்கு இரண்டு மாத்திரை, நாளுக்கு நான்கு டம்ளர் என்றாலும் 15 மில்லிகிராமைத் தொடாது. ஒரு டம்ளர் தக்காளிச் சாற்றில் இயல்பாகவே இதைவிட அதிகம் உண்டு. கண் பார்வையைப் பறிக்கக்கூடியதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடும் 10 மில்லி மெத்தனால் என்பது சுமார் 7,900 மில்லிகிராம். அதை எட்ட நான்காயிரத்துக்கும் அதிகமான மாத்திரைகளை ஒரே மூச்சில் விழுங்க வேண்டும். கால வரிசையும் பொருந்தவில்லை. மெத்தனால் நஞ்சு கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறித் தேங்கிய பிறகே, பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்து, கண் மங்கலும் மூச்சுத் திணறலும் தொடங்கும். டீ குடித்த அரை மணியில் வரும் தலைவலிக்கு அது விளக்கமாகாது. ஆகவே உபாதையின் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அடுத்து, ‘செயற்கை இனிப்பு’ என்று ஒரே பெயரில் அழைக்கப்படுபவை ஒரே பொருள் அல்ல. 1879-ல் கண்டுபிடிக்கப்பட்ட சாக்கரின் உடலில் உறிஞ்சப்பட்டு, மாற்றமின்றிச் சிறுநீரில் வெளியேறுகிறது. 1965-ல் கண்டறியப்பட்ட அஸ்பார்ட்டேம் சிறுகுடலிலேயே செரித்து முடிந்துவிடுவதால் பெருங்குடலை எட்டுவதேயில்லை. அதன் மேல் வயிற்று உப்புசத்தைச் சாத்துவது கடினம். 1976-ல் லண்டனில் சசிகாந்த் பாட்னிஸ் என்ற இந்திய வேதியியலாளரின் கையில் தற்செயலாகச் சிக்கிய சுக்ரலோஸ் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் மலத்தோடு போகிறது. வயிற்றைப் பொறுத்தவரை உண்மையில் சந்தேகிக்க வேண்டியவை சார்பிட்டால், மால்டிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள். இவை அரைகுறையாக உறிஞ்சப்பட்டு, மிச்சம் பெருங்குடலில் நீரை இழுத்து, அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதித்து வாயுவாகின்றன. 10 கிராம் சார்பிட்டாலே பலருக்கு வயிற்றை உப்ப வைக்கும். 20 கிராமில் வலியும் பேதியும் வரும். டீயில் போடும் மாத்திரையில் இவை இருந்தாலும் துளி அளவுதான். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று விற்கும் பிஸ்கட்டிலும் சாக்லேட்டிலும் கிராம் கணக்கில் இருக்கின்றன.

அந்த பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், ஆங்கிலப் பொடியெழுத்துகளுக்கு நடுவே சில எண்கள் தெரியும். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவருக்கும் எண் தெரியும் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். 420 என்றால் சார்பிட்டால், 965 என்றால் மால்டிட்டால், 967 சைலிட்டால். 950 அசிசல்ஃபேம், 951 அஸ்பார்ட்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 சீனித்துளசியிலிருந்து எடுப்பது. வயிற்றால் போகிறது என்பவர் 965-ஐயும் 420-ஐயும் தேட வேண்டும். அவர் டீ மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிஸ்கட்டைத் தொடர்ந்தால் உபாதை தீராது. தீராததால் சந்தேகம் மருந்தின் மேல் போகும், அல்லது தன் மேலேயே போகும்.

இனி, புகார் சொல்பவர்களையே அழைத்து நடத்திய ஆய்வுகள் என்ன காட்டுகின்றன? அஸ்பார்ட்டேமால் தலைவலி வருகிறது என்று சொன்ன 40 பேரை வைத்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சிஃப்மனும் குழுவினரும் நடத்திய சோதனை 1987-ல் வெளியானது. உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்ற பெரிய அளவைக் கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுத்தார்கள். அஸ்பார்ட்டேம் உண்டபோது 35 விழுக்காட்டினருக்கும், போலி கேப்ஸ்யூல் உண்டபோது 45 விழுக்காட்டினருக்கும் தலைவலி வந்தது. 1994-ல் வான் டென் ஈடன் குழு, சில நாட்களுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது முடிவு வேறாக வந்தது. சோதனையை முழுதாக முடித்த 18 பேரில், அஸ்பார்ட்டேம் நாட்களில் 33 விழுக்காட்டிலும் போலி மருந்து நாட்களில் 24 விழுக்காட்டிலும் தலைவலி இருந்தது. ஆளுக்கு ஆள் வித்தியாசமும் இருந்தது. 2015-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகம், தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன 48 பேருக்கும் அப்படிச் சொல்லாத 48 பேருக்கும் 100 மில்லிகிராம் அஸ்பார்ட்டேம் சேர்த்த தின்பண்டத்தையும் சேர்க்காததையும் கொடுத்துப் பார்த்தது. சேர்த்ததற்கும் சேர்க்காததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் புகார் சொன்னவர்கள், எதைத் தின்றாலும், குறிப்பாக முதல் முறை தின்றபோது, அதிக உபாதையை உணர்ந்தார்கள்.

இந்தக் கடைசி விவரம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உபாதை வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பே உடலில் உபாதையாக வெளிப்படுகிறது. கொழுப்பு குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து ஒத்துக்கொள்ளாமல் விட்டவர்களை வைத்து லண்டனில் நடந்த சாம்சன் ஆய்வும் (2020) இதையே காட்டியது: அவர்கள் சொன்ன உபாதையில் சுமார் 90 விழுக்காடு போலி மாத்திரையிலும் வந்தது. ஆனால் இதை வைத்து ‘எல்லாம் மனம்தான்’ என்று நோயாளியை அனுப்பிவிடுவது இரு வகையில் தவறு. எதிர்பார்ப்பால் வரும் தலைவலியும் தலைவலியே. மேலும், சராசரி என்பது ஒருவரைப் பற்றி எதையும் அறுதியிட்டுச் சொல்லாது. 1994 ஆய்வின் 18 பேரில் ஓரிருவருக்கு உண்மையாகவே ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். சாம்சன் ஆய்வில் போற்றத்தக்கது, ஒவ்வொருவரின் முடிவும் அவரவர் கையில் கொடுக்கப்பட்டதுதான். தம் கணக்கைத் தாமே பார்த்த பிறகு பாதிப்பேர் ஸ்டாட்டினை மீண்டும் தொடங்கினர்.

அப்படியானால் கள்ளக்குறிச்சியில் என்ன செய்யலாம்? இரண்டு வாரம் எல்லா இனிப்பு மாத்திரையையும், மேற்சொன்ன எண்கள் போட்ட பிஸ்கட்டையும் நிறுத்துவது முதல் படி. மெட்ஃபார்மினை மட்டும் நிறுத்தக் கூடாது, அளவை மாற்றவும் கூடாது. உபாதை அப்படியே இருந்தால் இனிப்பு மாத்திரை குற்றவாளி அல்ல. மெட்ஃபார்மினைச் சோற்றோடு எடுப்பது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். கிறுகிறுப்பு வரும் நேரத்தில் விரலில் குத்திப் பார்த்து 70-க்குக் கீழ் இருந்தால் சோதனை அங்கேயே முடிந்தது. உடனே சர்க்கரை கொடுத்து, மருந்தின் அளவைத் திருத்த வேண்டும். நிறுத்தியதும் உபாதை போய்விட்டால்தான் அடுத்த படி.

அடுத்த படியின் இக்கட்டு மறைப்பதில் இருக்கிறது. சாக்கரின் நாக்கில் கசப்பை விட்டுப்போகும். சர்க்கரையோடு ஒப்பிடலாம் என்றால் நீரிழிவு நோயாளிக்கு அது பொருந்தாது. கேப்ஸ்யூலில் அடைத்தால் நாக்கு ஏமாறும், ஆனால் இனிப்புச் சுவையாலேயே வரும் உபாதை தப்பிவிடும். நான் முன்வைக்கும் வழி, இரண்டு இனிப்புகளை ஒன்றோடொன்று மோதவிடுவது. 951 உள்ள மாத்திரையையும் 955 உள்ள மாத்திரையையும் செவிலியர் பொடித்து, இனிப்பு சமமாக வரும்படி பொட்டலமாக மடித்து, அ, ஆ என்று மட்டும் எழுதித் தர வேண்டும். அஸ்பார்ட்டேம் கொதியில் இனிப்பிழக்கும் என்பதால் டீ ஆறிய பிறகே போட வேண்டும். அ மூன்று நாள், ஆ மூன்று நாள் என்பது ஒரு சுற்று; எது அ, எது ஆ என்பதை ஒவ்வொரு சுற்றுக்கும் செவிலியர் புதிதாக நாணயம் சுண்டித் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எந்த மூன்று நாட்கள் மோசம் என்று நோயாளி சொல்லிக் குறிப்பேட்டில் ஏற வேண்டும். ஹல் ஆய்வின் பாடத்தால், முதல் சுற்றைக் கணக்கில் சேர்க்காமல் ஒத்திகையாக விட்டுவிட்டு, அடுத்த ஆறு சுற்றுகளை எண்ண வேண்டும். ஆறிலும் ஒரே பொருளையே குறிப்பிட்டு அது அவர் சந்தேகித்த பொருளாகவும் இருந்தால், குருட்டாம்போக்கில் அப்படி அமைவதற்கு வாய்ப்பு 64-ல் 1. ஆறில் ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் வாய்ப்பு 64-ல் 7. அது போதாது, இன்னும் சில சுற்றுகள் வேண்டும். ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இச்சோதனையில் இறங்கக் கூடாது.

‘ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுத்தொலைக்க வேண்டியதுதானே, எதற்கு இத்தனை பாடு?’ என்று கேட்கலாம். சரியான கேள்வி. இனிப்பில்லாத டீக்கு மாறக்கூடியவர் தாராளமாக விடட்டும். எடை குறைப்புக்காக இவ்வினிப்புகளை நாட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அப்பரிந்துரை விலக்கி வைத்தது. காபி, டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் சேர்த்துச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் 12 வாரம் நடத்தி 2024-ல் வெளியிட்ட ஆய்விலும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பெரிதாக மாறவில்லை, கூடவுமில்லை, குறையவுமில்லை. எனவே இம்மாத்திரையைக் காப்பாற்றுவது என் நோக்கமல்ல. தவறான காரணத்தை ஏற்றுக்கொண்டவர் சரியான காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடுகிறார் என்பதே என் கவலை. தாழ்சர்க்கரை கவனிக்கப்படாமல் போகிறது. மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுப்பவருக்கு வரும் பி12 குறைபாட்டால் உண்டாகும் அசதியும் கால் மரமரப்பும் கவனிக்கப்படாமல் போகின்றன.

மலைமேல் இது இன்னும் கூர்மையாகிறது. வெள்ளிமலையைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடிக் குடியிருப்புகளின் வாழ்நிலையை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தபோது சாலையும் மருத்துவ வசதியும் பேசுபொருளாயின. தொலைவிலிருந்து இறங்கி வருபவரிடம் மருத்துவமனையில் செலவிடப்படும் நேரம் சில நிமிடங்கள். ஆனால் மாதம்தோறும் மாத்திரை கொண்டு செல்லும் தன்னார்வலர் அவர் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறார். எப்போதிலிருந்து உபாதை, அதே வாரத்தில் வேறென்ன மாறியது, சாப்பிட்ட பிறகா வெறும் வயிற்றிலா என்ற மூன்று கேள்விகளை அவர் கேட்கலாம். பொடி மடித்த அ, ஆ பொட்டலங்களையும் அவரே கொண்டு போகலாம். எது எது என்ற சீட்டு நிலையத்து அலமாரியில் பூட்டி இருக்க வேண்டும், அவருக்கும் தெரியக் கூடாது. சோதனை முடிந்து, ஆறில் ஆறும் பொருந்திவந்தால், உலகத்து ஆய்வுகளின் சராசரி எதைச் சொன்னாலும், அந்த நோயாளியின் குறிப்பேட்டில் ‘951 ஒத்துக்கொள்ளாது’ என்று மருத்துவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.